தெருவில் தேங்கும் மழைத்தண்ணீர்: கான்கிரீட் வடிகாலா, குளமா, மண்வாய்க்காலா?

ஐப்பசி அடைமழையில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் மறுநாளே எழும் கோரிக்கை ஒன்றுதான்: "வடிகால் கட்டிக் கொடுங்கள்." கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். பணம் ஒதுக்கப்படும், ஜேசிபி வரும், இரண்டடி அகலத்தில் சிமெண்ட் வாய்க்கால் எழும்பும். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே தண்ணீர் நிற்கும், இந்த முறை சாக்கடை வாடையோடு.

வடிகாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வார்டுக்கோ ஊராட்சிக்கோ கையில் இருப்பது ஒரு வேலைக்கான பணம் என்றால், அது முதலில் எதற்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் குளம், அதோடு சேர்த்து அதன் வரத்து, போக்கு வாய்க்கால்கள். தெரு வடிகால் அதற்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் தெருவும் காயாது, ஆறும் கெடும்.

இதற்குக் காரணம் நம் நிலத்தின் அமைப்பு. மற்ற ஊர்களில் ஆறு பள்ளத்தில் ஓடும், மழைத்தண்ணீர் தானாகப் போய் அதில் சேரும். காவிரிப் படுகையில் அப்படி இல்லை. கல்லணையைத் தாண்டியதும் காவிரியும் வெண்ணாறும் கிளை கிளையாகப் பிரிந்து, காலம் காலமாக வண்டலைக் கரையில் போட்டு, தாங்கள் போட்ட மேட்டின் மேலேயே ஓடுகின்றன. குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, பாமணியாறு எல்லாம் இந்த வகைதான். மேட்டில் ஓடுவதால்தான் மதகைத் திறந்ததும் வயலுக்குத் தண்ணீர் இறங்குகிறது. அதே காரணத்தால் வயலிலும் தெருவிலும் நிற்கும் தண்ணீர் அந்த ஆற்றுக்குத் திரும்ப ஏறாது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் உள்ள தாழ்வில் ஓடும் வடிவாய்க்கால்தான் அதற்குப் போக்கிடம். பாசன வாய்க்கால் வேறு, வடிவாய்க்கால் வேறு என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நகரத்தில்தான் இந்த வித்தியாசம் மறந்துபோய், எல்லாவற்றையும் "வாய்க்கால்" என்று ஒரே கணக்கில் எழுதுகிறோம்.

அடுத்தது சரிவு. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோ கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. கிலோமீட்டருக்கு அரை மீட்டர் இறக்கம்தான் தேறுகிறது. திருவாரூரைத் தாண்டினால் அதுவும் குறையும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் "கடல் தண்ணியை வாங்கலை" என்பார்கள். கடல் நீர் உள்ளே ஏறாமல் இருக்க, கடைமடை நீரொழுங்கிகளில், அதாவது ஆறு கடலைச் சேரும் முன் உள்ள கதவணைகளில், கதவை இறக்கி வைத்திருக்கும் நேரம் அது. மேலிருந்து வரும் தண்ணீர் கதவு திறக்கும்வரை காத்து நிற்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை சம்பா, தாளடி வயல்களுக்குத் தண்ணீர் ஓடும் காலம். ஆக, நம் தெருவில் மழை கொட்டும்போது, அது போய்ச் சேர வேண்டிய இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

ஒரு கணக்கு போடுவோம். பத்து ஏக்கர் பரப்புள்ள ஒரு குடியிருப்பில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40 லட்சம் லிட்டர். கூரையும் சிமெண்ட் முற்றமும் தார்ச்சாலையும் நிறைந்த இடம் என்பதால் முக்கால் பங்கு மண்ணில் இறங்காமல் ஓடிவிடும் என்று வைத்துக்கொண்டால் 30 லட்சம் லிட்டர். இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் கான்கிரீட் வடிகால், கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு, உள்ளே ஒரு பிடி மண் கூட இல்லை, முடிவிடம் காலி. எல்லாம் இப்படிக் கச்சிதமாக இருந்தாலே 30 லட்சம் லிட்டரை வெளியேற்ற நாலரை மணி நேரம் ஆகும். இது மோசமில்லை. பாதி நாளில் தெரு காய்ந்துவிடும். அதனால்தான் பொறியாளர்கள் தாளில் இதைக் காட்டும்போது யாரும் மறுப்பதில்லை.

முடிவிடத்தைப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மழை விட்ட மறுநாள் காலையில், உங்கள் பகுதி வடிகால் போய்ச் சேரும் வாய்க்கால் கரையில் நின்று பாருங்கள். பல இடங்களில் வடிகாலின் வாய் வாய்க்காலின் நீர்மட்டத்துக்குக் கீழே முங்கியிருக்கும். வாய் எங்கே இருக்கிறது என்பதே மேலே மிதக்கும் சோப்பு நுரையையும் பால் பாக்கெட் கவர்களையும் வைத்துத்தான் தெரியும். கொஞ்சம் பின்னால் நடந்தால், மூடிப்பலகைகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் குமிழ் விட்டு மேலே வரும். வாய்க்கால் தண்ணீர்தான் தெருவுக்குள் ஏறுகிறது. கிட்டத்தில் இருக்கிறதே என்று பாசன வாய்க்காலில் கொண்டுபோய் முடித்ததன் விளைவு இது. உண்மையான வடிவாய்க்கால் அரை கிலோமீட்டர் தள்ளி, காட்டாமணக்கு மண்டி, யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கும். மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கரிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "ஆறு வாங்கலை சார், நீங்க வடிகால்ல விட்டிருக்கணும்."

கான்கிரீட் வடிகாலில் இன்னொரு சிக்கல் மழை இல்லாத நாட்களில் வருவது. வீட்டு வாசலில் மூடிய கால்வாய் ஒன்று வந்துவிட்டால் சமையலறைத் தண்ணீர், குளியலறைத் தண்ணீர், சில இடங்களில் செப்டிக் டேங்க் வழிவு வரை அதில்தான் போய்ச் சேர்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயைச் செருகிவிடுவார்கள். மழைநீருக்காகக் கட்டியது வருடத்தில் பத்து மாதம் சாக்கடையாக ஓடி, அடியில் கொழுப்பும் சேறும் ஓரடிக்குப் படிந்து, மழைக்காலத்தில் பாதிக் கொள்ளளவோடு நிற்கிறது. தேங்கிய அழுக்குத் தண்ணீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகுகிறது. முதல் மழை வந்ததும் அவ்வளவு சேறும் ஒரே அடியாக ஆற்றில் போய் விழுகிறது. அரசலாறும் ஓடம்போக்கியும் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு நிறம், வெளியேறும் இடத்தில் ஒரு நிறம் என்று ஆனதற்கு ஆலைக் கழிவு மட்டும் காரணமில்லை. நம் வீட்டுக் குழாய்களும் காரணம்.

சரி, இவ்வளவு சொன்னபிறகும் கடைவீதிக்கும், பத்தடிச் சந்துக்கும், பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் கான்கிரீட் வடிகால்தான் சரி. அங்கே மண்வாய்க்காலுக்கு இடம் கிடையாது. திறந்து விட்டால் குப்பை சேரும், வண்டி இறங்கும். அப்படிக் கட்டும்போது கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. பத்து மீட்டருக்கு ஒன்றாவது தூக்கித் திறக்கக்கூடிய மூடி, தெருமுனையில் மண் தங்கும் தொட்டி, வாயில் கம்பித் தடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக முடிவிட மட்டம். வடிகாலின் கடைசித் தரைமட்டம் ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்காலில் நிற்கும் நீர்மட்டத்தை விட மேலே இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் இல்லாத மதிப்பீட்டில் கையெழுத்துப் போட வேண்டாம்.

இப்போது குளம். அதே 30 லட்சம் லிட்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் குளத்தில் இரண்டரை அடி காலியாக வைத்திருந்தால் அது மொத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். ஆறு வாங்கவில்லை, கடல் வாங்கவில்லை என்று காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீர் குளத்தில் நிற்கும், வடிவாய்க்காலில் மட்டம் இறங்கியதும் மெதுவாகப் போகும். தட்டையான ஊரில் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதை விடச் சில நாள் நிறுத்தி வைக்க இடம் தேடுவதே புத்திசாலித்தனம் என்று நம் முன்னோர் தெளிவாக அறிந்திருந்தார்கள். திருவாரூரில் "கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி" என்று சொல்வது பெருமைக்காக மட்டுமல்ல. ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் கமலாலயம் மட்டுமே 33 ஏக்கர். மன்னார்குடி ஹரித்ரா நதியும் பெயரில்தான் நதி, இருப்பது 23 ஏக்கர்க் குளம். தஞ்சாவூரில் செவ்வப்ப நாயக்கர் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கு நிலத்தடியில் சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு குளம் நிறைந்தால் அடுத்ததுக்குப் போகும் வழியை யோசித்துவிட்டுத்தான் ஊரைக் கட்டினார்கள்.

ஆனால் "குளத்தைத் தூர்வாருங்கள்" என்று மட்டும் மனு எழுதினால் போதாது. குளத்தை ஆழப்படுத்திவிட்டு வரத்து வாய்க்காலை விட்டுவிட்ட ஊர்கள் நிறைய. சுற்றிலும் கரை, நடைபாதை, வேலி, மின்விளக்கு எல்லாம் அழகாக இருக்கும். தெருத் தண்ணீர் உள்ளே வர ஒரு துளை இருக்காது. சில இடங்களில் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, பக்கத்துத் தெருவில் தண்ணீர் நிற்கும். உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி, இரண்டுக்கும் மட்டம். இந்த மூன்றும் இல்லாத குளம் வெறும் பள்ளம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் மனவருத்தம் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆற்றுத்தண்ணீரை விட்டுக் குளத்தைத் ததும்ப நிறைத்து வைப்பது நம் வழக்கம். நிறைந்த குளத்தைப் பார்ப்பது சந்தோஷம்தான், நிலத்தடி நீருக்கும் நல்லதுதான். ஆனால் நிறைந்த குளம் மழையை வாங்காது. ஐப்பசி பிறக்கும் முன் இரண்டரை அடி இறக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வடிகால் இறங்கியதும் மறுபடி அந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மார்கழியில் கடைசி மழையோடு நிறைத்துக்கொள்ளலாம். அது போதவில்லை என்றால், வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடும் வரை ஆற்றில் வரும் தண்ணீர் இருக்கிறது. கோடைக்கும் தெப்பத்துக்கும் தண்ணீர் குறையாது. இதற்குத் தேவை பலகை வைத்து மட்டம் மாற்றக்கூடிய ஒரு சின்ன மதகு, அப்புறம் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள். குளத்துக்கான மொத்தச் செலவில் இதற்கு ஆவது மிகச் சொற்பம். மதிப்பீட்டில் பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

எல்லாக் குளத்திலும் தெருத் தண்ணீரை விடலாமா? கூடாது. கோயில் குளங்களுக்குக் கூரைத் தண்ணீரும் பிராகாரத் தண்ணீரும் போதும். மீன் கடை, மெக்கானிக் பட்டறை, மாட்டுக்கொட்டகை உள்ள தெருக்களின் தண்ணீரை அங்கே திருப்பினால் இரண்டே வருடத்தில் குளம் பச்சை கட்டிவிடும். அதற்கு ஊர் ஓரத்துக் குட்டைகள் இருக்கின்றன. அங்கும் நுழைவாயிலில் ஒரு மண் தொட்டி, அதைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கோரையும் சம்பும் கல்வாழையும் வளர்ந்த ஆழமில்லாத ஒரு பட்டை இருந்தால், மண்ணும் எண்ணெய்ப் படலமும் பெருமளவு அங்கேயே நின்றுவிடும். வெங்காயத் தாமரையை மட்டும் முளையிலேயே எடுத்துவிட வேண்டும். ஒரு மழைக்காலம் விட்டால் நீர்மட்டமே கண்ணுக்குத் தெரியாது. கடலோர வட்டங்களில் குளத்தை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டுவதும் ஆபத்து. கீழே உப்புத்தண்ணீர் இருக்கிறது. எடுத்த வண்டலை என்ன செய்வது என்ற பழைய தலைவலி இப்போது குறைந்திருக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு 2024-ல் வந்தது.

மண்வாய்க்கால், அதாவது பழைய வடிவாய்க்காலையே தூர்வாரி, கரை சரித்து, புல்லும் வெட்டிவேரும் பிடிக்க விடுவது மூன்றாவது வழி. கான்கிரீட் போட்ட வாய்க்காலை விட இதில் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். அதனால் அகலம் அதிகம் வேண்டும், வருடா வருடம் ஆள் இறங்க வேண்டும். இதன் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் மண்ணில் இறங்குகிறது, தவளையும் விராலும் கெளுத்தியும் பிழைக்கின்றன, அழுக்கு கொஞ்சமாவது வடிகட்டப்படுகிறது. கல்லணைக் கால்வாயில் அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டபோது, நிலத்தடி நீர் ஊறாது என்று விவசாயிகள் போராடியது இந்த அக்கறையில்தான். ஊருக்குள் இரண்டு பக்கமும் கல்சுவர் தூக்கிக் கட்டி, அடியை மண்ணாக விடுவது பல இடங்களுக்குப் பொருந்தும் நடுவழி. ஊருக்கு வெளியே மண்ணாகவே விட்டுவிடலாம். புதிய மனைப்பிரிவுகளில் நான் இதைத்தான் வற்புறுத்துவேன். வயலாக இருந்தபோது ஓடிய கன்னி வாய்க்காலை, அதாவது வயலுக்குள் செல்லும் சிறு வாய்க்காலை, நாலு லோடு கிராவல் அடித்து மூடிவிட்டு, பிறகு அதே இடத்தில் அரசுப் பணத்தில் கான்கிரீட் வடிகால் கேட்பது நியாயமே இல்லை.

வீட்டு மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். நல்ல சட்டம்தான், ஆனால் தெருவெள்ளத்துக்கு இதை மருந்தாகச் சொல்பவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை என்றால் 9,300 லிட்டர். மீட்டருக்கு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஜல்லி நிரப்பிய குழியில் கொள்வது 600 லிட்டர். முதல் ஏழு மில்லிமீட்டரிலேயே நிறைந்துவிடும், அப்புறம் மண் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுதான். வல்லம், ஒரத்தநாடு பக்கத்துச் செம்மண்ணிலும், காவிரி, கொள்ளிடக் கரையோர மணற்பாங்கிலும் நன்றாக உறிஞ்சும். திருவாரூர், நாகை மாவட்டக் களிமண்ணில் கார்த்திகை மாதம் குழி வெட்டினால் கையளவு ஆழத்திலேயே ஊற்று வந்துவிடும், தண்ணீர் இறங்க இடமே இருக்காது. அங்கே குழியை விடத் தொட்டி மேல். கோடையில் உப்புத்தண்ணீரைக் குடிக்காமல் இருக்க அது உதவும்.

மோட்டார் வைத்து இறைப்பது அவசரத்துக்கு. திட்டம் அல்ல.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 66 செ.மீ. கொட்டியது. 2022 நவம்பர் 11-ல் சீர்காழியில் 44 செ.மீ. அந்த அளவு மழைக்கு நம் தெருவோடு நிற்கும் எந்த வேலையும் ஈடுகொடுக்காது. ஆறுகளின் கரையும் கடைமடை நீரொழுங்கியும் சார்ந்த பெரிய வேலை அது. வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு போன்றவற்றில் நடந்த வேலைகள் அந்த ரகம். வார்டு அளவில் நாம் திட்டமிட வேண்டியது வருடத்தில் சில முறை நிச்சயம் வரும் ஐந்து முதல் பத்து செ.மீ. மழைக்கு.

அப்படியானால் என் தேர்வு இது. பக்கத்தில் அரை ஏக்கராவது குளமோ குட்டையோ உள்ள குடியிருப்பு என்றால், கண்ணை மூடிக்கொண்டு குளம், வரத்து வாய்க்கால், பலகை மதகு. நீர்நிலையே இல்லாத நெருக்கமான கடைவீதி என்றால் கான்கிரீட், அதுவும் மெய்யான வடிவாய்க்காலில் முடிவதாக இருந்தால் மட்டும். ஊர் ஓரம், புது நகர் என்றால் மண்வாய்க்கால். மூன்றில் எதுவானாலும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயைத் துண்டிக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. பாதாள சாக்கடை இல்லாத தெருக்களில் மணற்பாங்கான மண் என்றால் உறிஞ்சிக்குழி, களிமண் என்றால் நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக ஒரு கல்வாழைப் பாத்தி. அக்கம்பக்கத்தில் மனக்கசப்பு வரத்தான் செய்யும். "எல்லார் வீட்டுக் குழாயும் போகுது, என் குழாயை மட்டும் ஏன் அடைக்கிறீங்க" என்று கேட்பார்கள். எல்லார் வீட்டையும் ஒரே நாளில் செய்தால் அந்தக் கேள்வி எழாது.

மனு கொடுக்கும் முன் வருவாய்த்துறை நில ஆவணங்களான புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்து வையுங்கள். எது வாய்க்கால் புறம்போக்கு, எது குட்டை என்று அதில் இருக்கும். தூர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போன வடிகாலைப் பலமுறை அந்தத் தாளில்தான் முதலில் பார்க்க முடியும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபை இதற்குச் சரியான சமயம், கோடையில் வேலை முடித்துவிடலாம். நகரத்தில் பகுதி சபை இருக்கிறது. சாலை போடும் வேலையும் கூடவே வருகிறது என்றால், பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அரசே அறிவுறுத்தியிருப்பதை மனுவில் எழுதுங்கள். சாலை ஆறு அங்குலம் உயர்ந்தால் வடிகால் கணக்கு முழுவதும் மாறி, தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

உங்கள் தெருவில் ஏற்கெனவே கம்பி கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும் தாமதமாகிவிடவில்லை. கடைசி முப்பது மீட்டருக்குக் கான்கிரீட் போடும் முன், லெவல் பார்க்கும் கருவியோடு உதவிப் பொறியாளரை வாய்க்கால் கரைக்கு வரச் சொல்லுங்கள். போன கார்த்திகையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அந்தக் கரையில் குடியிருப்பவர்கள் சுவரில் உள்ள கறையைக் காட்டுவார்கள். அந்தக் கறைக்கு மேலே வடிகாலின் வாயை வையுங்கள்.